142க்குச் சரி, 2395க்குத் தவறு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலோ இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றிலோ வசிக்கும் தமிழர் ஒருவர் கேரள அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதிப் போடலாம். பதிலும் தமிழில்தான் வரவேண்டும். 1969ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அப்படியொரு உரிமையைத் தந்திருக்கிறது. அவர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையையும் தமிழிலேயே எழுதலாம். மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழிகளில் நடக்கும் பரீட்சை அது.

அதே பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் ஒரு ஆசாமிக்கு மட்டும் இந்தச் சட்டம் எட்டவில்லை. கம்பைலர் என்பது அதன் பெயர். மாணவர்கள் எழுதும் புரோகிராமை வாங்கிப் படித்து, மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. தப்பு இருந்தால் சொல்லும், சந்தேகம் வந்தால் எச்சரிக்கும். எல்லாம் ஆங்கிலத்தில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே தப்புக்கு ஒரு நாள் ஒரு முறை எச்சரித்து, இன்னொரு நாள் மூன்று முறை எச்சரித்து, மூன்றாம் நாள் வாயே திறக்காமல் இருந்தால், பதினைந்து வயதுப் பிள்ளை அதிலிருந்து என்னதான் கற்றுக்கொள்ளும்?

கேரளத்தில் இது சின்ன விஷயமல்ல. அரசின் ஐ.டி.@ஸ்கூல் திட்டம் 2001ல் தொடங்கியது. 2017ல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரைக் கைவிட்டு, பள்ளிகளை முழுக்கச் சுதந்திர மென்பொருளுக்குத் திருப்பிய மாநிலம் இது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு, பள்ளிகளுக்கென்றே இயங்குதளம் தயாரித்துத் தருகிறது கைட். பத்தாம் வகுப்பு ஐ.டி. பாடத்தில் பைத்தான் மொழியும் நுழைந்தது. திரையில் ஒரு 'ஆமை' ஊர்ந்து கோடு போட, சதுரமும் நட்சத்திரமும் வரையக் கற்றுக்கொண்டார்கள் பிள்ளைகள்.

கேரளத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கும் இடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதி, பழைய கொச்சி சமஸ்தானத்தின் துண்டு. வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் தினம் போய்வரும் விவசாய பூமி. இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் தேயிலைத் தோட்டங்கள். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிப் பெரும் கிளர்ச்சி நடந்தும் கேரளத்திலேயே நின்றுவிட்ட தாலுகாக்கள். இந்த இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவானது ஒன்று: வீட்டில் தமிழ், தெருவிலும் பஸ் போர்டிலும் மலையாளம், கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலம்.

பைத்தானைக் கற்றுத்தர அவர்கள் முன் திறந்து வைக்கப்படுவது 'ஐடில்' என்ற ஜன்னல். பைத்தானை உருவாக்கிய ஹாலந்துக்காரர் கீடோ வான் ராஸ்ஸம், அந்தப் பெயரை 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து எடுத்தார். அந்தக் குழுவின் எரிக் ஐடில் என்ற நடிகருக்கு ஒரு மறைமுக வணக்கம் இந்த ஜன்னலின் பெயர். ஜன்னலில் >>> என்று மூன்று அம்புக்குறிகள் நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு வரி அடித்து என்ட்டர் தட்டினால் உடனே பதில் வரும். இன்னொரு வரி, இன்னொரு பதில். புரோகிராமை முழுக்க எழுதி, கோப்பாகச் சேமித்து, ஓட்டிப் பார்க்கும் பழைய முறையைவிடத் தொடக்கக்காரர்களுக்கு இது எவ்வளவோ இதமானது. கேட்டால் பதில் சொல்லும் வாத்தியார் மாதிரி.

வாத்தியாரின் பதில்களில் இரண்டு வகை உண்டு. 'பிழை' என்பது கறாரானது. இலக்கணம் தப்பு, மேலே போகமாட்டேன் என்று நின்றுவிடும். 'எச்சரிக்கை' என்பது தயவானது. நீ சொன்னபடி செய்கிறேன், ஆனால் நீ நினைத்தது இதுதானா என்று ஒரு தடவை யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும். பிழையை யாரும் புறக்கணிக்க முடியாது. எச்சரிக்கையைப் புறக்கணிப்பது மிகச் சுலபம். அதனால்தான் எச்சரிக்கைக்கு ஒழுங்கு முக்கியம்.

இடுக்கிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 ஜூலைக் கடைசியில் இடுக்கி நீர்த்தேக்கம் 2395 அடியைத் தொட்டபோது ஆரஞ்சு எச்சரிக்கை. 2399 அடிக்குச் சிவப்பு. முழுக் கொள்ளளவு 2403 அடி. ஆகஸ்ட் 9ம் தேதி செறுதோணியின் ஷட்டர் திறக்கப்பட்டது. அதற்கு முன் திறந்தது 1992ல். எத்தனை அடியில் எந்த நிறம் என்பது பெரியாற்றங்கரையில் குடியிருந்த ஒவ்வொருவருக்கும் அந்த வாரங்களில் மனப்பாடம். அதே மாவட்டத்தில் இன்னொரு எண்ணும் மனப்பாடம்: 142. சுப்ரீம் கோர்ட் 2014 மே மாதம் முல்லைப் பெரியாறு அணைக்கு அனுமதித்த நீர்மட்டம். இந்த இரண்டு எண்களையும் வைத்தே கம்பைலரின் சங்கதியைப் பார்த்துவிடலாம்.

வண்டிப்பெரியாற்றில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி ஐடில் ஜன்னலைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் என்ற பெயருக்கு 142 என்ற மதிப்பைக் கொடுக்கிறாள். (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 முதல் அதற்கு அனுமதி உண்டு.) அடுத்த வரியில் 'நீர்மட்டம் இஸ் 142' என்று அடிக்கிறாள். இங்கிலீஷ் வகுப்பில் 'திஸ் இஸ் எ கௌ' என்று படித்த பிள்ளைக்கு 'இஸ்' என்ற சொல்தானே முதலில் கைக்கு வரும்? ட்ரூ, அதாவது சரி என்று பதில் வருகிறது. சந்தோஷம். அடுத்து நீர்மட்டத்தை 2395 ஆக்கி, 'நீர்மட்டம் இஸ் 2395' என்று கேட்கிறாள். ஃபால்ஸ். சரியில்லையாம்! இந்தச் சோதனையை நம்பி ஆரஞ்சு எச்சரிக்கை விடும் புரோகிராம் எழுதியிருந்தால், தண்ணீர் வந்திருக்கும், எச்சரிக்கை வந்திருக்காது.

விஷயம் இதுதான். பைத்தானில் இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்க == என்ற குறி இருக்கிறது. 'இஸ்' கேட்பது வேறு கேள்வி: இரண்டும் ஒரே பொருள்தானா? சட்டைப் பையில் இருக்கும் பத்து ரூபாய் நோட்டும் கல்லாவில் இருக்கும் பத்து ரூபாய் நோட்டும் மதிப்பில் சமம். ஆனால் இரண்டும் ஒரே நோட்டு அல்ல. சீரியல் நம்பர் வேறு. சின்ன எண்கள் அடிக்கடி தேவைப்படும் என்பதால், மைனஸ் 5 முதல் 256 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிரதியை பைத்தான் தொடங்கும்போதே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. 142 எங்கே வந்தாலும் அதே 142. 2395 பெரிய எண். ஜன்னலில் ஒவ்வொரு வரியிலும் புதிதாக அச்சடிக்கப்படுகிறது. ஆகவே சமம், ஆனால் ஒன்று அல்ல.

வேடிக்கை இங்கே நிற்கவில்லை. அதே இரண்டு வரிகளை ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து ஓட்டினால் 2395க்கும் 'சரி' என்று வருகிறது! ஜன்னலில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறது. கோப்பு மொத்தமாக ஒரே மூச்சில் ஆகிறது. ஒரே மூச்சில் படிக்கும்போது இரண்டு 2395களையும் பார்த்துவிடும் கம்பைலர், சிக்கனமாக ஒரே பிரதியை இரண்டு இடத்துக்கும் தருகிறது. 'டீச்சர், ஷெல்லுல தப்புன்னு வருது, ஃபைல்ல சரின்னு வருது' என்று அந்த மாணவி கையைத் தூக்கினால், நாற்பது நிமிட பீரியடில், முப்பது பிள்ளைகளுக்கு நடுவில், எந்த டீச்சர்தான் இதை விளக்கி முடிப்பார்?

இந்தக் குழியில் உலகெங்கும் ஆட்கள் விழுவதைப் பார்த்துத்தான் பைத்தான் குழுவினர் 2019 அக்டோபரில் வெளியான 3.8 பதிப்பில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். எண்ணோடு 'இஸ்' சேர்த்து எழுதினால், நீங்கள் சொல்ல வந்தது == குறியா என்று கம்பைலரே கேட்கும். நல்ல கேள்வி; சரியான இடத்தில் சரியான உதவி. ஆனால் உபுண்டு 18.04ல் வந்த பைத்தான் 3.6. அதற்கு இந்த எச்சரிக்கை தெரியாது. 22.04ல் வந்தது 3.10. அதற்குத் தெரியும். இந்த இரண்டு உபுண்டுகளையும் ஒட்டிக் கைட் இயங்குதளங்கள் வந்திருக்கின்றன. பழையது இருக்கும் கம்ப்யூட்டரில் மௌனம், பக்கத்து மேஜையில் புதியது இருந்தால் எச்சரிக்கை. பாடப்புத்தகம் இருவருக்கும் ஒன்று.

இனி, மூன்று தடவை கத்திய கதை. ஜன்னலில் என்ட்டர் தட்டியதும் கம்பைலருக்கு முதலில் எழும் கேள்வி: இவர் பேசி முடித்துவிட்டாரா, இன்னும் சொல்ல ஏதாவது இருக்கிறதா? கோப்பில் இந்தச் சிக்கல் இல்லை. கோப்பின் முடிவே வாக்கியத்தின் முடிவு. ஜன்னலில் அப்படியல்ல. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் என்ட்டர் தட்டினால் அது தப்பா, அடுத்த வரியில் மூடப்போகிறாரா? டெலிபோனில் எதிராளி சட்டென்று மௌனமானால் 'ம்... ம்?' என்று ஒருவர் கேட்டுப் பார்ப்பதில்லையா? பைத்தானில் இதற்கென்றே 'கோட்ஆப்' என்று ஒரு பகுதி உண்டு. அது செய்யும் தந்திரம் எளிமையானது. அடித்த வரியை அப்படியே ஒரு தடவை கம்பைல் செய்து பார்க்கும். பிறகு கடைசியில் ஒரு வெற்று வரி சேர்த்து இன்னொரு தடவை. பிறகு இரண்டு வெற்று வரி சேர்த்து மூன்றாம் தடவை. முதல் முயற்சியே தேறினால் வாக்கியம் முடிந்தது. தேறாவிட்டால், அடுத்த இரண்டு முயற்சிகளும் ஒரே பிழையைச் சொல்கின்றனவா என்று பார்க்கும். ஒரே பிழை என்றால் உண்மையிலேயே தப்பு. பிழை மாறினால் ஆசாமி இன்னும் பேசி முடிக்கவில்லை, காத்திருக்கலாம்.

சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் மூன்று முறை கம்பைல் செய்தால் மூன்று முறை எச்சரிக்கையும் வரும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையில் ஓடும் சாதாரணப் பைத்தான் ஒரு முறை எச்சரிக்கும் அதே வரிக்கு, கோட்ஆப் வழியாகப் போகும் ஜன்னல்களில் எச்சரிக்கை மும்முறை கிளம்பியது. 40807 என்ற எண்ணில் புகார் பதிவாகி, 2020ல் வந்த 3.8.4 பதிப்பில் சரி செய்யப்பட்டது. திருத்தக் குறிப்பு ஐடிலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எச்சரிக்கைகளே அபூர்வமாக இருந்த காலத்தில் இந்தக் கோளாறு யார் கண்ணையும் உறுத்தவில்லை, 3.8ல் புது எச்சரிக்கைகள் சேர்ந்த பிறகுதான் எரிச்சல் தாங்காமல் போனது.

2020ல் கதை முடியவில்லை. பாதியில் நிற்கும் வாக்கியத்துக்குள் எச்சரிக்கைக்கு உரிய சமாச்சாரம் ஒன்று இருந்தால், கோட்ஆப் குழம்பிப்போவது 2022ல் தெரியவந்தது. 'சொல்லுங்கள், கேட்கிறேன்' என்று அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டிய இடத்தில் அது எச்சரிக்கையையும் விட்டு, கூடவே இலக்கணப் பிழை என்றும் அறிவித்தது. அதாவது தயவான வகையும் கறாரான வகையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எழுதியவர் செய்த ஒரே குற்றம், பேச்சை முடிக்காமல் மூச்சு வாங்கியது. இப்போது அப்படியல்ல: அரைகுறை வாக்கியம் என்றால் எச்சரிக்கை எதுவும் விடாமல் பேசாமல் காத்திருக்கும்.

கத்தியது இப்படி என்றால், தூங்கியதற்கு வேறு காரணம். பைத்தானில் ஒரு கோப்பை இன்னொரு கோப்பு 'இம்போர்ட்' செய்து பயன்படுத்தலாம். அப்படி அழைக்கப்படும் கோப்பை ஒரு முறை கம்பைல் செய்ததும், பலனை 'பைகேஷ்' என்ற தனி அறையில் பத்திரப்படுத்திவிடும். அடுத்த தடவை கோப்பு மாறாதிருந்தால் நேராக அந்த அறையிலிருந்து எடுத்துக்கொள்ளும். நேரம் மிச்சம். கம்பைலர் வேலை செய்யவில்லை, ஆகவே கம்பைலரின் எச்சரிக்கையும் இல்லை. முதல் தடவை ஓட்டும்போது எச்சரிக்கை. கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் நிசப்தம்.

'இப்ப வரலை சார், சரியாயிடுச்சு' என்று அந்தப் பிள்ளை சொன்னால் அதைக் குறைசொல்ல முடியுமா? பழுதான ரேடியோவைத் தட்டினால் பாடும் என்று நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா? எச்சரிக்கை வந்தால் இன்னொரு தரம் ஓட்டு, போய்விடும் என்ற பாடம் ஒரு முறை மனதில் பதிந்தால், பிறகு கல்லூரியிலும் வேலையிலும் அதை அழிப்பது சிரமம். மும்முறை வரும் எச்சரிக்கையாவது எரிச்சலோடு போய்விடும். இரண்டாம் தடவை மறைந்துபோகும் எச்சரிக்கை ஒரு பொய்யைக் கற்றுத்தருகிறது. இரண்டில் மோசமானது இதுதான்.

எதற்கு எச்சரிப்பது, எதற்கு விடுவது என்பதிலும் கோணல் உண்டு. செறுதோணி ஷட்டர் திறந்த தேதியை அந்த மாணவி மேற்கோள் குறிக்குள் 9\8\2018 என்று எழுதுகிறாள் என்று கொள்வோம். கோட்டை வலப்பக்கம் சாய்க்க வேண்டியதை இடப்பக்கம் சாய்த்துவிட்டாள், யாருக்கும் நேர்வதுதான். பைத்தானுக்கு அந்தச் சாய்கோடு ஒரு மந்திரக்குறி. அடுத்து வரும் எழுத்துக்கு விசேஷ அர்த்தம் என்று எடுத்துக்கொள்ளும். \8 என்பதற்கு அப்படி எந்த அர்த்தமும் கிடையாது. எனவே அதை அப்படியே விட்டுவிடும். தேதியின் அந்தப் பகுதி கெடாது. அடுத்து வரும் \201 என்பதற்கு அர்த்தம் உண்டு. எட்டின் மடங்குக் கணக்கில் எழுதிய ஒரு எழுத்தின் எண் என்று அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக மாற்றிவிடும். 2018ல் கடைசி 8 மட்டும் மிஞ்சும். ஆண்டு அம்போ.

இப்போது எச்சரிக்கை எதற்கு வரவேண்டும்? ஆண்டைத் தின்ற \201க்குத்தானே? அதற்கு ஒரு வார்த்தையும் வராது. அது சட்டப்படி செல்லுபடியாகும் எழுத்து. கெடுதல் எதுவும் செய்யாத \8க்குத்தான் எச்சரிக்கை. அதுவும் 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில் சாதாரணமாகக் கண்ணில் படாத வகையைச் சேர்ந்ததாக இருந்து, 2023 அக்டோபரில் வந்த 3.12ல்தான் எல்லோருக்கும் தெரியும்படி எழுந்து நின்றது. பைத்தான் குழுவினர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல லட்சம் பழைய புரோகிராம்கள் இந்தச் சாய்கோட்டோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே நாளில் கதவை அடைத்தால் உலகமே கூச்சல் போடும். முதலில் முணுமுணுத்து, பிறகு குரலை உயர்த்தி, கடைசியில் பிழையாக்குவது அவர்கள் வழக்கம். பெரியவர்களுக்கு அது பொறுமையான ஏற்பாடு. எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தோம் என்று தெரியாத மாணவிக்கு வெறும் குழப்பம்.

பைத்தானை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. கேரள மேல்நிலைக் கம்ப்யூட்டர் பாடத்தில் வரும் சி++ மொழிக்கு ஜி.சி.சி. என்ற கம்பைலர். மதிப்பே கொடுக்காத ஒரு பெயரைக் கணக்கில் பயன்படுத்தும் ஆபத்தைப் பற்றிய அதன் எச்சரிக்கைகளில் ஒன்று, புரோகிராமை வேகப்படுத்தச் சொல்லும் கட்டளையோடு கம்பைல் செய்தால்தான் வரும். வேகப்படுத்தும் வேலையின்போதுதான் ஒவ்வொரு பெயரும் எந்த நிலையில் இருக்கிறது என்று அது பின்தொடர்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கவலையே அதற்கு இல்லை. இதை ஜி.சி.சி.யின் கையேடே ஒளிக்காமல் சொல்கிறது. பிளஸ் டூ மாணவர் கையேடு படிப்பதில்லை என்பது வேறு.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். மலையாள வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இந்தச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க ஆளும் பயிற்சி வகுப்பும் துணைப் புத்தகமும் ஊருக்கு ஊர் கிடைக்கும். மறையூரிலோ வட்டவடையிலோ தமிழ்வழிப் பிள்ளைக்கு அது சுலபமல்ல. மெஷின் சீராகப் பேசினால், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகூட 'இந்த வரி வந்தால் இந்த இடத்தில் பார்க்க வேண்டும்' என்று உருவத்தை வைத்தே பழகிவிடும். படிக்கத் தெரியாதவர் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவதுபோல. சீராகப் பேசாத மெஷினிடம் அந்தப் பிடியும் போய்விடுகிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு எச்சரிக்கையின் வாசகமாவது மிஞ்சும். தெரியாதவருக்கு அது எத்தனை முறை வந்தது, எப்போது நின்றது என்பது மட்டுமே செய்தி. அந்தச் செய்திதான் இங்கே பொய்யாக இருக்கிறது.

தமிழில் புரோகிராம் எழுத முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் கட்டளைகளே தமிழ்ச் சொற்கள். அடியில் ஓடுவது பைத்தான்தான். தமிழ்ப் பள்ளி மாணவர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது அது. ஆனால் பரீட்சையில் கேட்பது பைத்தான். பைத்தானின் விளக்கக் கையேடுகளைப் பல மொழிகளில் பெயர்க்கும் வேலை நடக்கிறது. கம்பைலரின் வாயிலிருந்து வரும் வாசகங்கள் மட்டும் ஆங்கிலத்தைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை சந்திக்கக்கூடிய எச்சரிக்கைகள் இரு கை விரல்களுக்குள் அடங்கும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். வாசகம், அதன் தமிழ், எங்கே பார்க்க வேண்டும், எந்தப் பதிப்பு முதல் வரும் என்று நான்கு பத்திகள். மறைந்துபோன எச்சரிக்கை திருந்திய எச்சரிக்கை அல்ல என்று ஒரு வரியும் சேர்த்துவிடலாம். பைத்தானைத் தொடங்கும்போதே 'எல்லா எச்சரிக்கைகளையும் பிழையாகக் கொள்' என்று கட்டளையிடவும் வழி இருக்கிறது. மைனஸ் டபிள்யூ எரர் என்று அதற்குப் பெயர். தொடக்க வகுப்புகளுக்கு அது கறாராகத் தோன்றலாம். ஆனால் 142க்கும் 2395க்கும் ஒரே பதில் வரும்: நில், திருத்து.

2024 அக்டோபரில் வெளியான 3.13 பதிப்பில் கறுப்புத் திரையின் >>> ஜன்னல் புதிதாக எழுதப்பட்டது. நிறங்கள் வந்தன, பல வரிகளை ஒன்றாகத் திருத்தும் வசதி வந்தது. ஐடில் எந்த நூலகத்தை நம்பி நிற்கிறதோ அதன் மேலேயே இந்த ஜன்னலும் இப்போது ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஜன்னல்களும் பேச்சு முறையில் நெருங்கி வர வழி பிறந்திருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04ல் இருப்பது 3.12.